பாயின்டரை இன்ட்டாக்கி அட்டாமிக் மாற்றம்: ஒரு ஹார்ட்டில் ஓடுகிறது, மூன்றில் பேஜ் ஃபால்ட்

கெடிலக்கரை மகள்:

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். பகலில் கணக்குப்பதிவு மென்பொருள் வேலை. இரவு உணவுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் எனக்கென்று ஒதுக்கி, எக்ஸ்வி6 இயங்குதளத்தின் நிரலைக் கோப்பு கோப்பாகப் படித்து வருகிறேன். எம்ஐடியில் மாணவர்களுக்காக எழுதப்பட்ட சிறிய இயங்குதளம் அது. என்னிடம் இருப்பது ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கான பதிப்பு, கணினியைப் போலச் செய்யும் க்யூஎமு மென்பொருளில் ஓட்டுகிறேன். நம் களத்தின் வழக்கப்படி நிரல் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே சொல்கிறேன்.

நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்துக் கொடுக்கும் கேஅலாக் பகுதியில் காலிப் பக்கங்கள் எல்லாம் ஒரே பட்டியலில் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு காலிப் பக்கத்தின் முதல் எட்டு பைட்டில் அடுத்த பக்கத்தின் முகவரி இருக்கும். பட்டியல் ஒன்று, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடுவதற்கான பூட்டு ஒன்று. மூன்று ஹார்ட்டுகளும் (தனித்தனியாக நிரலை ஓட்டும் செயலிக் கூறுகள்) அந்த ஒரே பூட்டுக்குக் காத்து நிற்கின்றன. நான் முதலில் ஹார்ட் ஒன்றுக்குப் பட்டியல் ஒன்றாகப் பிரித்தேன். தன் பட்டியல் தீர்ந்துபோனால் ஒரு ஹார்ட் அடுத்த ஹார்ட்டின் பட்டியலை முழுவதுமாக எடுத்துக்கொள்ளும். அது சரியாக ஓடியது. பிறகு பூட்டே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

பூட்டுப் பயிற்சிக்காக எழுதி வைத்திருந்த இரண்டு செயற்கூறுகள் கையில் இருந்தன. ‘மாற்று’ என்பது இன்ட் ஸ்டார் (நான்கு பைட் முழு எண் இருக்கும் இடத்தின் முகவரி) ஒன்றையும் புதிய இன்ட் மதிப்பையும் வாங்கி, அமோஸ்வாப்.டபிள்யூ கட்டளையால் இடம்மாற்றி, பழைய மதிப்பை இன்ட்டாகத் தரும். ‘ஒப்பிட்டு மாற்று’ என்பது பழைய மதிப்பு நான் நினைத்ததாக இருந்தால் மட்டும் புதியதை எழுதி, ஆம் அல்லது இல்லை என்று தரும். அதுவும் இன்ட். பக்கத்தைச் சேர்ப்பதற்கும் ஒற்றைப் பக்கத்தை எடுப்பதற்கும் இரண்டாவது. அடுத்த ஹார்ட்டின் பட்டியலை மொத்தமாக எடுப்பதற்கு முதலாவது.

பாயின்டரை, அதாவது எட்டு பைட் முகவரியை, இன்ட்டாகக் காஸ்ட் (வகைமாற்றம்) செய்தபோது, அளவு பொருந்தவில்லை என்று கம்பைலர் நிறுத்தியது. எக்ஸ்வி6 மேக்ஃபைலில் எச்சரிக்கை எல்லாம் பிழையாகவே எண்ணப்படும். நடுவே யூஇன்ட்64 (எட்டு பைட் குறியற்ற முழு எண்) என்று இன்னொரு காஸ்ட் வைத்தேன்: பாயின்டரை யூஇன்ட்64 ஆக்கி, அதை இன்ட் ஆக்கினேன். திரும்பி வரும்போதும் அப்படியே. கம்பைலர் ஏற்றுக்கொண்டது.

ஒரு ஹார்ட்டில் ஓட்டினால் எக்ஸ்வி6-இன் சோதனைத் தொகுப்பான யூசர்டெஸ்ட்ஸ் முழுவதும் தேறுகிறது. மூன்று ஹார்ட்டில் ஓட்டினால் தொடங்கிய சில நொடிகளில் கர்னல் டிராப், அதாவது இயங்குதளத்தின் மையமே பிழையில் நிற்கிறது. காரணத்தைச் சொல்லும் ஸ்காஸ் ரெஜிஸ்டரில் 13, அதாவது செல்லாத முகவரியைப் படிக்கும்போது பேஜ் ஃபால்ட். எஸ்டிவால் காட்டும் முகவரி பதினாறடி எண்ணில் முதல் எட்டு இடமும் எஃப், அதன் பிறகு 87எஃப்65000. ஒவ்வொரு முறையும் பின்பாதி கொஞ்சம் மாறுகிறது, முன்பாதி எப்போதும் எட்டு எஃப்.

மூன்று இரவுகள் போய்விட்டன. ஹார்ட்டுகளுக்கு இடையே போட்டி என்று நினைத்து, தோன்றிய இடத்திலெல்லாம் நினைவகத் தடுப்பு (நினைவக அணுகல்களின் வரிசையைக் காக்கும் கட்டளை) வைத்துப் பார்த்தேன். மாற்றம் இல்லை. பட்டியல் தலையை வாலடைல் (ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படி) என்றும் அறிவித்திருக்கிறேன்.

இது போட்டிச் சிக்கல்தானா? இதோடு சேர்த்து எனக்கு உண்மையில் தெரிய வேண்டியது ஒன்று உண்டு. பாயின்டரை அட்டாமிக்காக, அதாவது இடையில் வேறு யாரும் புகாதபடி ஒரே அடியில், மாற்றும் செயற்கூறு எந்த வகையை வாங்க வேண்டும்? இயங்குதளங்களில் ஃப்ரீபிஎஸ்டி ஒன்று செய்கிறது, நெட்பிஎஸ்டி வேறொன்று செய்கிறது, லினக்ஸ் மேக்ரோ எழுதி வைத்திருக்கிறது. மூன்றும் ஒரே வேலைக்குத்தான். ஏன் இவ்வளவு வேறுபாடு?


நெல்லித்தோப்பு:

இது போட்டிச் சிக்கல் அல்ல, அம்மா. ஒரே ஒரு ஹார்ட் அந்த வரியை நிறைவேற்றியிருந்தாலும் விழுந்திருக்கும். ஒரு ஹார்ட்டில் ஓட்டும்போது எடுப்பதற்கு அடுத்தவர் பட்டியலில் பக்கமே இருப்பதில்லை, ஆகவே ‘மாற்று’ அங்கே முகவரி எதையும் கொண்டுவரவில்லை. அதைத்தான் நீங்கள் ‘ஒரு ஹார்ட்டில் சரி’ என்று படித்துவிட்டீர்கள்.

எட்டு எஃப் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எக்ஸ்வி6 கர்னல் நினைவகம் பதினாறடி எண்ணில் 80000000 என்ற முகவரியில் தொடங்குகிறது. 128 எம்பி, 88000000-இல் முடிகிறது. ஆக, உங்கள் பக்க முகவரி ஒவ்வொன்றிலும் மேல் 32 பிட் சுழியம். கீழ் 32 பிட்டில் உச்சிப் பிட் 1. அமோஸ்வாப்.டபிள்யூ நான்கு பைட்டை மட்டும் மாற்றும். பழைய மதிப்பை 64 பிட் ரெஜிஸ்டரில் வைக்கும்போது குறிப் பிட்டை (எதிர்மமா என்று காட்டும் உச்சிப் பிட்) மேல் பாதி முழுவதும் நீட்டிவிடும். நீங்களும் அதை இன்ட் என்றே எடுத்தீர்கள். உச்சிப் பிட் 1 என்றால் இன்ட்டுக்கு அது எதிர்ம எண். எதிர்ம இன்ட்டை யூஇன்ட்64 ஆக்கும்போது, எதிர்மம் காக்கப்பட வேண்டும் என்பதற்காக மேல் 32 பிட்டும் ஒன்றாகும். அதுதான் அந்த எட்டு எஃப். சி மொழி தன் விதிப்படி மிகச் சரியாக நடந்துகொண்டது.

‘ஒப்பிட்டு மாற்று’ ஏன் விழவில்லை? அது ஆம், இல்லை என்று மட்டும் சொல்கிறது. முகவரி எதையும் இன்ட் வழியாகத் திருப்பித் தரவில்லை. எழுதும்போது கீழ் நான்கு பைட்டை மட்டும் எழுதியது. மேல் நான்கு பைட் ஏற்கெனவே சுழியமாக இருந்ததால் மொத்தம் சரியாக அமைந்தது. புதுச்சேரியில் ஒருவர் முகவரியில் நேரு வீதி என்பதை விட்டுவிட்டுக் கதவு எண்ணை மட்டும் குறித்து வைத்துக்கொள்வதைப் போன்றது இது. எல்லாரும் நேரு வீதியிலேயே குடியிருக்கும்வரை கடிதம் தவறாது. உங்கள் பக்கங்கள் எல்லாம் ஒரே வீதியில் இருக்கின்றன.

காஸ்ட் எழுதியதால் அந்த இடத்தில் இருக்கும் பொருள் சுருங்கவில்லை. எட்டு பைட் பொருள் எட்டு பைட்டாகவே இருந்தது. அதை நான்கு பைட் கட்டளை தொட்டது. கம்பைலர் அளவு பொருந்தவில்லை என்று சொன்னபோது உங்கள் தவறை அந்த வரியிலேயே, எண்ணோடு, காட்டியது. நடுவே வைத்த யூஇன்ட்64 அதன் வாயை மூடியது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2011-இல் நான் கடலூரில், தேவனாம்பட்டினம் சாலையில் குடியிருந்தேன். ஒரு நிறுவனத்தின் ரவுட்டர் பலகைக்குக் கர்னல் வேலை. 64 பிட் மிப்ஸ் செயலி, லிட்டில் எண்டியன், அதாவது எண்ணின் கீழ்ப் பாதி நினைவகத்தில் முதலில் இருக்கும். அங்கேயும் பஃபர் பட்டியல் ஒன்றை இதே போல இன்ட் ஸ்டார் காஸ்ட் வைத்து யாரோ எழுதியிருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஓடியது. ஏன் தெரியுமா? மிப்ஸில் கேசெக்0 என்ற பகுதியின் 64 பிட் முகவரிகள் இயல்பாகவே எட்டு எஃப்பில் தொடங்கும். இன்ட்டின் குறி நீண்டால் அங்கே சரியான முகவரிதான் கிடைக்கும். உங்களை வீழ்த்திய அதே நீட்சி எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஆனால் கேசெக்0 வழியாக 512 எம்பி நினைவகத்தைத்தான் தொட முடியும். 1 ஜிபி பலகை வந்தது. மேற்கொண்டு உள்ள நினைவகத்துக்கு எக்ஸ்கேஃபிஸ் என்ற பகுதியின் முழு 64 பிட் முகவரி வேண்டும். சில பஃபர்கள் மட்டும், அதுவும் நெரிசல் வந்தால் மட்டும், தொலைந்துபோயின.

அந்த டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் பதினோரு நாள் மின்சாரம் இல்லை. முதல் நாள் அலுவலகத்தில் அச்செடுத்து வந்த அசெம்பிளி வரிகள் ஒரு கட்டு என்னிடம் இருந்தன. வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. சாய்ந்த மரங்களை வெட்டி வழி செய்த நேரம் போக, அரிக்கேன் விளக்கில் அதைத்தான் வரி வரியாகப் படித்தேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, பாயின்டரை எடுக்கும் இடத்தில் எல்எல் என்ற நான்கு பைட் கட்டளை இருப்பதைக் கண்டேன். எட்டு பைட்டுக்கான எல்எல்டி இருந்திருக்க வேண்டும். ஓர் எழுத்து. சி நிரலில் அந்த இடத்தை நான் இருபது முறையாவது பார்த்திருப்பேன். காஸ்ட் இருந்ததால் கண் கடந்து போய்விட்டது. அந்தப் பலகை பிக் எண்டியனாக இருந்திருந்தால் இன்ட் ஸ்டார் காஸ்ட் மேல் பாதியைப் பிடித்திருக்கும், முதல் நாளே விழுந்திருக்கும், நாங்களும் தப்பியிருப்போம்.

திருத்தம் எளிது. எட்டு பைட்டை மாற்றும் அமோஸ்வாப்.டி கொண்டு தனிச் செயற்கூறு எழுதுங்கள். வாய்டு ஸ்டார் ஸ்டார் வாங்கட்டும், வாய்டு ஸ்டார் தரட்டும். அழைக்கும் இடத்தில் பட்டியல் தலையின் முகவரியை வாய்டு ஸ்டார் ஸ்டார் என்று காஸ்ட் செய்து கொடுத்தால் போதும். இன்ட் செயற்கூறு பூட்டுக்கு மட்டும் இருக்கட்டும். மறுதிசையிலும் கவனம் வேண்டும்: பூட்டை எட்டு பைட் கட்டளையால் தொட்டால் பக்கத்துக் களம் அழியும். எக்ஸ்வி6 ஸ்பின்லாக்கில் நான்கு பைட் களத்துக்கு அடுத்து ஒரு பாயின்டர் இருப்பதால் நடுவில் நான்கு பைட் வெற்றிடம் விழுகிறது. ஆகவே அங்கே தவறு தெரியாமல் போகும். இன்னொரு இடத்தில் தெரியும்.


லாசுப்பேட்டை ஆசிரியை:

குறிநீட்சியை நெல்லித்தோப்பு ஐயா சொன்னது முழுவதும் சரி. திருத்தத்தில் மட்டும் மாறுபடுகிறேன். வாய்டு ஸ்டார் ஸ்டார் வேண்டாம்.

வகுப்பில் ஆண்டுதோறும் இதற்கு ஒரு மணி நேரம் செலவிடுகிறேன், ஏனென்றால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே இதில் தடுக்கி விழுகிறார்கள். வாய்டு ஸ்டார் என்பது எந்தப் பொருளின் முகவரியையும் ஏற்கும் பொதுப் பாயின்டர். அதனால் வாய்டு ஸ்டார் ஸ்டார் எந்தப் பாயின்டரின் முகவரியையும் ஏற்கும் என்று மனம் தானாக நீட்டிக்கொள்கிறது. அப்படி இல்லை. வாய்டு ஸ்டார் ஸ்டார் என்றால் ‘இந்த முகவரியில் வாய்டு ஸ்டார் வகைப் பொருள் ஒன்று உட்கார்ந்திருக்கிறது’ என்று பொருள். குறிப்பான ஒரு கூற்று அது, பொதுவானது அல்ல. உங்கள் பட்டியல் தலையில் உட்கார்ந்திருப்பது ஸ்ட்ரக்ட் ரன் ஸ்டார், அதாவது காலிப் பக்கம் ஒன்றின் பாயின்டர். அதனால்தான் காஸ்ட் இல்லாமல் கொடுத்தால் கம்பைலர் மறுக்கிறது. காஸ்ட் வைத்துக் கொடுத்தால் பொய் சொல்கிறோம்.

அந்தப் பொய்க்கு விலை உண்டு. ஒரு பொருளை அதன் வகைக்கு இசையாத வகையால் தொடக் கூடாது என்பது சி மொழியின் விதி. ஸ்ட்ரக்ட் ரன் ஸ்டாரும் வாய்டு ஸ்டாரும் இசைவான வகைகள் அல்ல. ஆகவே வாய்டு ஸ்டார் ஸ்டார் வழியாக எழுதியது பட்டியல் தலையை மாற்றியிருக்காது என்று கம்பைலர் எடுத்துக்கொண்டு, பழைய மதிப்பை ரெஜிஸ்டரிலேயே வைத்திருக்க உரிமை பெறுகிறது. ஜிசிசி கம்பைலரில் இந்த ஊகம் ஓ2 என்ற மேம்படுத்தல் அளவில் தொடங்கும். எக்ஸ்வி6 மேக்ஃபைலில் வெறும் ஓ மட்டும் இருப்பதால் உங்களுக்குத் தெரியாது. லினக்ஸ் கர்னல் இந்த ஊகத்தையே நிறுத்தும் விருப்பத்தோடு தொகுக்கப்படுகிறது. உள்ளே அசெம்பிளி எழுதி ‘மெமரி’ என்றும் குறித்தால் கம்பைலர் நினைவகத்தைப் பற்றிய தன் ஊகங்களை அங்கே கைவிடும். ஐயா எழுதச் சொன்னது அசெம்பிளி என்பதால் அவருடைய வடிவம் நடைமுறையில் ஓடும். ஆனால் நாளை யாராவது அந்த அசெம்பிளியை எடுத்துவிட்டுச் சாதாரண சி வரியை வைத்தால், அழைக்கும் இடங்கள் அத்தனையும் காஸ்ட்டோடு அப்படியே நிற்கும்.

இனி, மூன்று இயங்குதளங்கள் ஏன் மூன்று வழி என்ற கேள்வி. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

நெட்பிஎஸ்டியும் சொலாரிஸும் முதல் இடத்தில் வாலடைல் வாய்டு ஸ்டார் வாங்குகின்றன. ஸ்டார் ஒன்றுதான். எந்தப் பாயின்டரின் முகவரியும் காஸ்ட் இல்லாமல் உள்ளே போகும். அழைக்கும் இடம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் அங்கே முகவரிக் குறியை எழுத மறந்து, தலையின் முகவரிக்குப் பதிலாகத் தலையையே கொடுத்துவிட்டால் கம்பைலர் ஒரு சொல் சொல்லாது. உங்கள் நிரலில் அது முதல் பக்கத்தின் முதல் எட்டு பைட்டை, அதாவது அடுத்த பக்கத்தின் முகவரியையே மாற்றிவிடும்.

ஃப்ரீபிஎஸ்டியிலும் 2005 வரை வாய்டு ஸ்டார்தான் இருந்தது. அந்த ஆண்டு யூஇன்ட்பிடிஆர்_டி என்ற முழு எண் வகைக்கு மாற்றினார்கள். பாயின்டரைச் சேதமின்றிப் பிடித்து வைக்கக்கூடிய குறியற்ற முழு எண் அது. 1999-ஆம் ஆண்டு சி தரத்தில் வந்தது. அசெம்பிளிக் கட்டுப்பாடுகளையும் வாலடைலையும் பிழையின்றி எழுத அது எளிது. பாயின்டரின் கடைப் பிட்டுகளில் குறிப்பு வைக்கும் இடங்களில் இது மிக இயல்பாகப் பொருந்துகிறது. ஃப்ரீபிஎஸ்டி மியூடெக்ஸில் பூட்டின் களமே யூஇன்ட்பிடிஆர்_டி. யார் வைத்திருக்கிறார் என்ற த்ரெட் முகவரியும், ‘இன்னொருவர் காத்திருக்கிறார்’ என்ற குறிப்பும் அதே சொல்லில் இருக்கும். பொருளே முழு எண்ணாக அறிவிக்கப்பட்டிருப்பதால் அங்கே பொய் எதுவும் இல்லை. பொருளைப் பாயின்டராக அறிவித்துவிட்டு, அழைக்கும்போது மட்டும் யூஇன்ட்பிடிஆர்_டி ஸ்டார் என்று காஸ்ட் செய்தால், வாய்டு ஸ்டார் ஸ்டாரில் செய்த அதே தவறுதான்.

லினக்ஸ் மேக்ரோ வகையை அறவே தொலைப்பதில்லை. கொடுத்த பொருளின் வகையை டைப்ஆஃப் கொண்டு எடுத்துக்கொள்கிறது. அளவைப் பார்த்து அதற்குரிய கட்டளையைத் தேர்கிறது. திருப்பித் தருவதும் அதே வகை. பொருந்தாத அளவு என்றால் தொகுப்பே நிற்கும். உங்கள் தவறு அங்கே நிகழவே முடியாது. மேக்ரோவைப் படிப்பது கடினம் என்று குறை சொல்வோர் உண்டு. ஒருமுறை கடினமாக எழுதி ஆயிரம் இடத்தில் காஸ்ட் இல்லாமல் அழைப்பதையே நான் தேர்வேன்.

உங்களுக்கு மேக்ரோ எழுதும் வேலையும் வேண்டாம். 2012-இல் வந்த ஜிசிசி 4.7 முதல் அட்டாமிக்_எக்ஸ்சேஞ்ச்_என், அட்டாமிக்_கம்பேர்_எக்ஸ்சேஞ்ச்_என் என்ற உள்ளமைச் செயற்கூறுகள் இருக்கின்றன. முன்னால் இரண்டு அடிக்கோடு. பட்டியல் தலையின் முகவரியை அப்படியே கொடுங்கள். ஸ்ட்ரக்ட் ரன் ஸ்டார் திரும்பி வரும். காஸ்ட் ஒன்றுகூட வேண்டாம். எடுக்கும்போது அக்வயர், சேர்க்கும்போது ரிலீஸ் என்ற நினைவக வரிசை விதியைக் கொடுங்கள். இரண்டாவது செயற்கூறு தோற்றால், நீங்கள் கொடுத்த ‘பழைய மதிப்பு’ மாறியில் இப்போதைய மதிப்பைத் தானே எழுதிவிடும். ஆகவே சுழற்சிக்குள் தலையை மறுபடி படிக்க வேண்டியதில்லை, ஆனால் புதிய பக்கத்தின் ‘அடுத்து’ களத்தை ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி எழுத வேண்டும். இதை மறப்பவர்கள் மிகுதி.

வாலடைலை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. ‘வாலடைல் ஸ்ட்ரக்ட் ரன் ஸ்டார்’ என்று எழுதியிருந்தால் வாலடைல் ஆனது பக்கம், தலை அல்ல. தலையைச் சொல்ல வேண்டுமானால் வாலடைல் ஸ்டாருக்குப் பின்னால் வர வேண்டும்.


நெல்லித்தோப்பு:

ஆசிரியை சொன்னதை ஏற்கிறேன். அழைக்கும் இடத்தில் காஸ்ட் வரக் கூடாது என்பதற்காகத்தான் நான் இவ்வளவு எழுதினேன். என் திருத்தத்திலேயே அது இருந்தது. இந்த உள்ளமைச் செயற்கூறுகள் வருவதற்கு முன் கையால் அசெம்பிளி எழுதிப் பழகிய கை இது.

கெடிலக்கரை மகளுக்கு ஒரு வேண்டுகோள். மாற்றி எழுதிய பிறகு ஆப்ஜ்டம்ப் கொண்டு அசெம்பிளியை எடுத்து அந்த ஒரு வரியைக் கண்ணால் பாருங்கள். டபிள்யூ போய் டி வந்திருக்க வேண்டும்.


கெடிலக்கரை மகள்:

இருவருக்கும் நன்றி. நேற்று இரவே மாற்றினேன். அமோஸ்வாப்.டி என்று அசெம்பிளியில் பார்த்தேன், ஐயா. அக்வயர் குறியும் கூடவே இருந்தது. மூன்று ஹார்ட்டில் எக்ஸ்வி6 எழுந்தது, ஷெல் வந்தது.

வாலடைல் தவறான பக்கத்தில்தான் இருந்தது. பக்கங்களை வாலடைலாக்கி வைத்திருந்தேன். தலை சாதாரணமாக இருந்தது. இந்த உள்ளமைச் செயற்கூறுகளுக்கு அது தேவையே இல்லை என்று தெரிந்து நீக்கிவிட்டேன்.

ஆனால் வேறொன்று வந்திருக்கிறது. பட்டியலை மொத்தமாக எடுத்தால் மற்ற ஹார்ட்டுகளுக்குப் பக்கமே இல்லாமல் போகிறது. 32,768 பக்க அளவுள்ள நினைவகத்தில் கர்னல் போக மீதி எல்லாம் ஒரே கையில் போய்ச் சேர்கிறது. ஆகவே அடுத்த ஹார்ட்டின் பட்டியலிலிருந்தும் ஒரு பக்கத்தை மட்டும் எடுக்கும்படி மாற்றினேன்: தலையைப் படிப்பது, அதன் ‘அடுத்து’ என்ன என்று படிப்பது, தலை இன்னும் அதுவாகவே இருந்தால் ‘அடுத்து’வைத் தலையாக்குவது. காஸ்ட் எதுவும் இல்லை. யூசர்டெஸ்ட்ஸை விடாமல் திரும்பத் திரும்ப ஓட்டினால் அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒருமுறை விழுகிறது. ஸ்காஸ் அதே 13. எஸ்டிவால் 0505050505050505. இரண்டு முறை விழுந்தது, இரண்டு முறையும் அதே எண். இது எந்த முகவரியும் அல்லவே?


முதுநகர் ரயிலடி:

அது முகவரி அல்ல. பக்கத்தைக் கொடுக்கும்போது கேஅலாக் அதை 5 என்ற பைட்டால் நிரப்புகிறது. விடுவிக்கும்போது 1. நிரப்பிய பக்கத்தின் முதல் எட்டு பைட்டை யாரோ ‘அடுத்து’ என்று படித்திருக்கிறார்கள்.

நடந்தது இது. ஹார்ட் 0, ஹார்ட் 1-இன் பட்டியலில் தலையைப் படிக்கிறது. அங்கே இருப்பது ஒரு பக்கம். ‘அ’ என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் ஹார்ட் 1 தன் பட்டியலிலிருந்து ‘அ’வை எடுத்து 5-ஆல் நிரப்புகிறது. ஹார்ட் 0 இப்போது ‘அ’வின் ‘அடுத்து’வைப் படிக்கிறது, 0505 என்று வருகிறது. ஹார்ட் 1 வேலை முடித்து ‘அ’வை விடுவிக்கிறது. ‘அ’ மறுபடி தலை. ஹார்ட் 0 ஒப்பிடுகிறது: தலை ‘அ’தான், சரி என்று 0505-ஐத் தலையாக எழுதிவிடுகிறது. அடுத்து வருபவர் விழுகிறார்.

இதற்கு ஏபிஏ என்று பெயர். இங்கே வகை சரி, அளவு சரி, கட்டளை சரி. ஒப்பீடு ‘அதே முகவரியா’ என்று மட்டும் கேட்கிறது. ‘இடையில் யாரும் தொடவில்லையா’ என்று கேட்பதில்லை. ட்ரைபர் ஐபிஎம்மிலிருந்து 1986-இல் இந்த வகை அடுக்கை எழுதிய காலத்திலிருந்தே தெரிந்த சிக்கல். ஐபிஎம் 370 இயந்திரங்களில் இதற்காகவே இரட்டைச் சொல்லை ஒப்பிடும் கட்டளை உண்டு. முகவரியோடு ஓர் எண்ணியையும் சேர்த்து மாற்றுவார்கள். உங்கள் பக்க முகவரியில் கடைசி 12 பிட் எப்போதும் சுழியம், அதில் எண்ணியை வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 12 பிட்டில் 4096 வெவ்வேறு எண்கள்தான் அடங்கும். க்யூஎமுவில் ஒரு ஹார்ட்டின் த்ரெட்டை லினக்ஸ் நிறுத்தி வைத்தால் மற்ற ஹார்ட் அதற்குள் 4096 முறை சுற்றி வந்துவிடும். நான் அதை நம்பமாட்டேன்.

எடுப்பவர்களுக்கு மட்டும் பூட்டு வையுங்கள். சேர்ப்பவர்களுக்கு வேண்டாம். எடுப்பவர் ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்றால், அவர் பார்த்த தலையை வேறு யாரும் எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவர முடியாது. சேர்ப்பவர்கள் தலைக்கு முன்னால் புதிதாகச் சேர்க்கலாம். அப்போது ஒப்பீடு தோற்கும், மறுபடி முயலலாம். லினக்ஸின் எல்லிஸ்ட் என்ற பூட்டற்ற பட்டியல் இந்த விதியோடுதான் இயங்குகிறது.


கெடிலக்கரை மகள்:

ஹார்ட் ஒன்றுக்கு ஒரு பூட்டு, எடுப்பவருக்கு மட்டும். நேற்று இரவு பத்து மணிக்கு யூசர்டெஸ்ட்ஸைச் சுழற்சியில் விட்டுப் படுத்தேன். காலை ஆறரைக்குப் பார்த்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. 0505 வரவில்லை. விடுவிக்கும் வழியில் பூட்டே இல்லை.

இன்னொன்றும் செய்தேன். பழைய நிரலில் பாயின்டருக்கும் முழு எண்ணுக்கும் நடுவே நான் வைத்த யூஇன்ட்64 காஸ்ட்டுகளைத் தேடி எடுத்தேன். பதினான்கு இருந்தன. அத்தனையையும் நீக்கிவிட்டுத் தொகுத்தேன். ஒன்பது இடத்தில் கம்பைலர் எதுவும் சொல்லவில்லை. அங்கே அது தேவையே இருந்ததில்லை. நான்கு இடம் பக்க அட்டவணை சார்ந்தவை. முகவரியை உண்மையாகவே எண்ணாகக் கணக்கிட வேண்டிய இடங்கள், எக்ஸ்வி6-இலும் அங்கே காஸ்ட் இருக்கிறது, திரும்ப வைத்துவிட்டேன். மீதி ஒன்று பிளாக் கேஷ் கோப்பில், போன மாதம் நான் எழுதி மறந்துபோன இடம். பஃபரின் முகவரியை இன்ட்டாக்கி ஹேஷ் எண் கணக்கிட்டிருக்கிறேன். எதிர்ம எண்ணை 13-ஆல் வகுத்த மீதியும் எதிர்மமாக வரும், அதை வரிசையின் சுட்டெண்ணாகப் பயன்படுத்தியிருக்கிறேன். இதுவரை எங்கே எழுதிக்கொண்டிருந்ததோ, இன்று இரவு அதைப் பார்க்க வேண்டும்.